முறிமருந்தும் மணிக்கூடும்

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

நஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்ததாக எம் எல்லோருக்கும் நினைவில் வருவது அதனை முறிக்கும் மருந்துதான். கதைகளில் ஒரு பச்சிலையைப் பிழிந்து வாயில் விட்டதும் மயங்கிக் கிடந்தவர் எழுந்து உட்காருகிறார். படங்களில் கடைசி நிமிடத்தில் ஓர் ஊசி போடப்படுகிறது. இவற்றைப் பார்த்துப் பழகிய எமக்கு, எல்லா நஞ்சுக்கும் எங்கோ ஒரு மருந்து தயாராக இருக்கிறது, அதை எப்போது கொடுத்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது.

மருத்துவ விஞ்ஞானம் சொல்வது வேறு. ஒவ்வொரு முறிமருந்தும் ஒரு குறிப்பிட்ட நஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேலையைத்தான் தடுக்கிறது. அதையும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் செய்கிறது. இந்த இரண்டு விடயங்களையும் விளங்கிக்கொண்டால், வீட்டில் ஓர் ஆபத்து நேரும்போது நாம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது எவருக்கும் தெளிவாகிவிடும்.

எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்தா?

ஒரே மருந்தால் எல்லா நஞ்சையும் முறிக்க வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் கருங்கடற் கரையில் பொந்தஸ் என்ற நாட்டை ஆண்ட மித்ரிடேட்ஸ் மன்னன், தன்னை யாரும் நஞ்சூட்டிக் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சிப் பல சரக்குகளைச் சேர்த்து ஒரு கலவையை உண்டுவந்ததாகச் சொல்வார்கள். பின்னர் ரோம வைத்தியர்கள் அந்தக் கலவையில் அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகளைச் சேர்த்தார்கள். விரியன் பாம்பின் இறைச்சியும் அவற்றில் ஒன்று. அரபு மருத்துவர்கள் அம்மருந்தைத் "திர்யாக்" என்று அழைத்தார்கள். இன்றும் அரபு மொழியில் முறிமருந்துக்குப் பெயர் திர்யாக்தான்.

பல நூற்றாண்டுகளாக மக்கள் பெரும் விலை கொடுத்து அதனை வாங்கினார்கள். ஆனால் எல்லா நஞ்சையும் முறிக்கும் மருந்து என்று ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. காரணம், நஞ்சுகள் எல்லாம் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. ஒன்று நரம்பைத் தாக்கும், இன்னொன்று குருதியை உறையவிடாது, வேறொன்று ஈரலை அழிக்கும். தாக்கும் வழி வேறென்றால் தடுக்கும் வழியும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? இன்று வைத்தியசாலைகளில் பயன்படும் முறிமருந்துகளில் முக்கியமானவற்றை, அவை வேலை செய்யும் விதத்தைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது வழி: வாசலில் மறித்தல்

விழுங்கிய நஞ்சு குடலிலிருந்து குருதிக்குள் போனால்தான் உடலெங்கும் பரவும். போகுமுன்பே அதனைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பது உயிர்ப்பூட்டிய கரி. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் இதில் இருப்பதால், ஒரு கிராம் கரியின் மேற்பரப்பை விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் வரும். நஞ்சின் மூலக்கூறுகள் அந்த மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மலத்துடன் வெளியேறிவிடுகின்றன.

இதற்கும் எல்லை உண்டு. நஞ்சை விழுங்கி ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். இரும்புச்சத்து மாத்திரை, அமிலம், மதுசாரம் போன்றவற்றைக் கரி சரியாகப் பிடிப்பதில்லை. அடுப்புக் கரியை இடித்துக் கொடுப்பதும் பாணைக் கருக்கிக் கொடுப்பதும் இதற்கு ஈடாகா. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அப்படிக் கொடுத்தால் அது சுவாசப்பைக்குள் போய்ப் புதிய ஆபத்தை உண்டாக்கும்.

இரண்டாவது வழி: பிடித்துக் கட்டிவிடுதல்

நஞ்சு குருதிக்குள் போய்விட்டால் அதனை அங்கேயே பிடித்துக் கட்ட வேண்டும். இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் எமது நாட்டிலேயே அன்றாடம் காணக் கிடைக்கின்றன.

ஒன்று பாம்புக்கடி ஊசி. நோயை உண்டாக்கும் பொருள் உடலுக்குள் வந்தால் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகள் உருவாகும் என்று உயிரியலில் படிக்கிறோம். இதையே பயன்படுத்தி, பாம்பின் நஞ்சைச் சிறு சிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து இந்த மருந்தைச் செய்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு மருத்துவரான அல்பேர்ட் கல்மெற் 1890களில் இதற்கு வழிகாட்டினார். அதன் பின்னர் பிரேசில் நாட்டு மருத்துவர் வீற்றல் பிரசில், ஓர் இனப் பாம்பின் நஞ்சுக்கெதிரான மருந்து வேறோர் இனப் பாம்பின் நஞ்சை முறிக்காது என்பதை எடுத்துக்காட்டினார். பூட்டுக்கேற்ற திறப்பு வேண்டும் என்பதே அதன் பொருள்.

இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்படுவது இந்தியாவில் தயாரிக்கப்படும் மருந்தாகும். இது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது. எமது நாட்டில் அதிகமாகக் கடிக்கும் பாம்புகளில் ஒன்றான, சிங்களத்தில் குனகட்டுவா எனப்படும் கூன்மூக்கு விரியனின் நஞ்சுக்கு இந்த மருந்து உதவாது. அதன் கடிக்கு வேறு விதமாகவே சிகிச்சை அளிக்கிறார்கள்.

மற்றைய உதாரணம் தலசீமியா நோயாளர்களுக்குரியது. இந்நோயுள்ள பிள்ளைகள் உயிர்வாழ மாதந்தோறும் குருதி ஏற்ற வேண்டும். குருதியுடன் இரும்பும் சேர்ந்து வருகிறது. மேலதிக இரும்பை வெளியேற்ற உடலில் நல்ல வழி இல்லாததால் அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து நஞ்சாகிவிடுகிறது. உயிர் கொடுக்கும் குருதியே நஞ்சைக் கொண்டுவருவது எவ்வளவு வேதனையானது! இதற்குக் கொடுக்கப்படும் டெஸ்பெரியொக்சமின் என்ற மருந்து ஒருவகை மண் பற்றீரியாவிலிருந்து பெறப்படுகிறது. அது இரும்பு அயனை நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதுபோலப் பிடித்துச் சிறுநீருடன் வெளியே கொண்டுவருகிறது. இரசாயனவியலில் இதனைக் கொடுக்கிணைப்பு என்கிறோம். குருநாகலிலுள்ள தலசீமியா நிலையத்துக்குச் செல்லும் பிள்ளைகளில் பலருக்கு இத்தகைய மருந்துகள் வாழ்நாள் துணை.

கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை இனிப்பென்று நினைத்து விழுங்கிவிடும் சிறு பிள்ளைகளுக்கும் தேவையானபோது இதே மருந்தைக் கொடுப்பார்கள்.

மூன்றாவது வழி: இடத்தைப் பிடித்தல்

சில நஞ்சுகள் உடலில் ஓர் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இருக்கைக்குப் போட்டி போடுவதே இவ்வகை மருந்தின் வேலை.

காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய அறைக்குள் எரியும் கரி அடுப்பிலிருந்தும், மின்வெட்டின்போது வீட்டுக்குள் ஓடவிடப்படும் ஜெனரேற்றரிலிருந்தும் இது வருகிறது. ஈமோகுளோபினுடன் ஒட்சிசன் சேர்வதைவிட இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். இதற்கு முறிமருந்து நாம் சுவாசிக்கும் ஒட்சிசனேதான். சாதாரண வளியைச் சுவாசித்தால் குருதியிலுள்ள இந்த நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி மூலம் தூய ஒட்சிசனைக் கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகக் குறைகிறது.

விவசாயப் பிரதேச வைத்தியசாலைகள் நன்கறிந்த மருந்து அற்றோபின். பீடைநாசினிகளில் ஒரு வகை, நரம்பிணைப்பில் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அசற்றைல்கோலின் தேங்கியதும் உமிழ்நீரும் வியர்வையும் பெருகுகின்றன, சுவாசப்பை நீரால் நிறைகிறது, இதயத் துடிப்புக் குறைகிறது. அற்றோபின் அசற்றைல்கோலின் போய் அமர வேண்டிய இடங்களில் தான் அமர்ந்து அதன் வேலையைத் தடுக்கிறது. சுவாசப்பை தெளியும்வரை வைத்தியர்கள் இதனைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வியப்பு என்னவென்றால், அற்றோபினும் ஒரு நஞ்சுதான். எமது வேலியோரங்களில் வளரும் ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் அதுவும் ஒன்று. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். ஆனால் எந்த முள், எவ்வளவு ஆழத்துக்கு என்பதை அறிந்த கைதான் அதை எடுக்க வேண்டும். ஊமத்தையை அரைத்துக் கொடுத்தால் ஒரு நஞ்சுடன் இன்னொரு நஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

நான்காவது வழி: தீர்ந்துபோனதை நிரப்புதல்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள். இந்தப் பழமொழிக்கு எமது வீடுகளிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. காய்ச்சல் என்றதும் முதலில் கைக்கு வரும் பரசிட்டமோல்தான் அது.

சரியான அளவில் இது மிகவும் பாதுகாப்பான மருந்து. இதில் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப் பொருளாக மாறும். ஈரலிலுள்ள குளுத்தாதயோன் என்ற பொருள் அதனை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு கூடிப்போனால் குளுத்தாதயோனின் இருப்புத் தீர்ந்துவிடும். அதன் பிறகு உருவாகும் நஞ்சு ஈரலையே தாக்கும். என்-அசற்றைல்சிஸ்ரீன் என்ற முறிமருந்து குளுத்தாதயோனை மீண்டும் உண்டாக்க மூலப்பொருளாகிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் ஈரலை முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறைந்துகொண்டே போகும்.

இந்த நஞ்சின் மிகப் பெரிய ஆபத்து அதன் மௌனம். முதல் நாளில் வயிற்றுக் குமட்டல் வரலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று வீட்டார் ஆறுதலடையும் நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் அடையாளங்கள் வெளிப்படும்போது முறிமருந்தின் நல்ல நேரம் கடந்துபோயிருக்கும். ஆகவே அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

தாய்மார் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தடிமனுக்கு வாங்கும் பல மருந்துகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கிறது. குளிசையும் கொடுத்து அந்த மருந்தையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டுக்கு மேற்படக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதைவிட நிறையைப் பார்த்துக் கொடுப்பதே சரி. டெங்குக் காய்ச்சலில் ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், காய்ச்சல் குறையவில்லை என்று மேலும் மேலும் கொடுப்பது மிகவும் ஆபத்தானது.

பாம்பு கடித்தவருக்கு ஏன் உடனே ஊசி போடுவதில்லை?

வைத்தியசாலை விடுதிகளில் உறவினர்கள் கோபப்படும் ஓர் இடம் இது. "பாம்பு கடித்தவரைக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலமாகிறது, இன்னும் ஊசி போடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பார்கள். அவர்களது பதற்றம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கடித்த எல்லாப் பாம்பும் நஞ்சைச் செலுத்துவதில்லை. நஞ்சில்லாத பாம்புகளும் கடிக்கின்றன, நஞ்சுள்ளவையும் சில வேளைகளில் நஞ்சை இறக்காமலே கடிக்கின்றன. மறுபுறத்தில், இந்த ஊசி மருந்து குதிரையின் புரதம் என்பதால் பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். தேவையில்லாதவருக்குப் போட்டால் பாம்பு செய்யாத தீங்கை மருந்து செய்துவிடலாம். ஆகவே வைத்தியர்கள் சிறிதளவு குருதியைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். குருதி உறையாவிட்டால் விரியனின் நஞ்சு உடலில் ஏறியிருக்கிறது என்று அறிவார்கள். கண்ணிமை சோர்கிறதா, மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா என்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

இந்த ஒவ்வாமையைக் குறைக்க வழிகண்டவர்களில் இலங்கை மருத்துவர்களும் அடங்குவர் என்பது எமக்குப் பெருமை. 1,000க்கும் மேற்பட்ட நோயாளர்களைக் கொண்டு அவர்கள் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஊசி மருந்துக்கு முன் சிறிதளவு அதிரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்பதைக் காட்டியது.

விஷக்கல்லும் மந்திரமும் பேர் பெற்றதற்கும் மேலே சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. நஞ்சு ஏறாத கடியுடன் வந்தவர் கல் வைத்தாலும் பிழைப்பார், வைக்காவிட்டாலும் பிழைப்பார். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். நஞ்சு ஏறியவருக்கோ அங்கே கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்பு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியும்போது வயிற்றுவலியும் இமைச் சோர்வும் வரும். அதன் நஞ்சு நரம்பின் முனைகளைச் சிதைத்துவிட்டால் ஊசி மருந்தால் அதனைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. நரம்பு மீண்டும் வளரும்வரை இயந்திரத்தின் உதவியுடன் மூச்சுவிட வேண்டியிருக்கும். ஓதிப் பார்க்க விரும்புபவர்கள் தாராளமாக ஓதட்டும். வைத்தியசாலைக்குப் போகும் வாகனத்தில் இருந்துகொண்டே ஓதலாம்.

முறிமருந்தே இல்லாத நஞ்சுகள்

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. பல நஞ்சுகளுக்கு முறிமருந்து என்று ஒன்றே இல்லை.

மண்ணெண்ணெய் அவற்றில் ஒன்று. சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருப்பதைப் பிள்ளை தண்ணீரென்று குடித்துவிடும். அது வயிற்றில் செய்யும் தீங்கைவிடச் சுவாசப்பைக்குள் போனால் செய்யும் தீங்குதான் பெரியது. விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தால் அது மேலே வரும் வழியில் சுவாசப்பைக்குள் போய்விடும். மலசலகூடம் கழுவும் அமிலமும் அப்படியே. போகும்போது சுட்ட தொண்டையை வரும்போது மறுபடியும் சுடும்.

பரகுவாட் என்ற களைநாசினிக்கும் முறிமருந்து கிடையாது. இலங்கை அரசு 2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில் அதனையும் வேறு சில கொடிய பீடைநாசினிகளையும் படிப்படியாகத் தடைசெய்தது. அதன் பின்னர் பீடைநாசினிகளால் நிகழ்ந்த இறப்புகள் குறைந்தன. மருந்தால் முறிக்க முடியாத நஞ்சைக் கைக்கு எட்டாமல் செய்ததே அங்கே முறிமருந்தாயிற்று. நாட்டுக்குச் சரியான இந்தப் பாடம் ஒவ்வொரு வீட்டுக்கும் சரியானதுதான்.

எமது கையில் இருப்பவை

முறிமருந்து வைத்தியசாலையில் இருக்கிறது. அது வேலை செய்வதற்குத் தேவையான இரண்டு பொருள்கள் எமது வீட்டில் இருக்கின்றன. ஒன்று நேரம், மற்றது தகவல்.

விழுங்கியது எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலுடன் போனால் வைத்தியரின் வேலை பாதி முடிந்துவிடும். ஆகவே மருந்து அட்டையையோ போத்தலையோ கையோடு கொண்டுபோங்கள். ஏசுவார்கள் என்று பயந்து பிள்ளை மறைக்காதிருக்க, முதலில் ஏசாமல் கேளுங்கள். கைத்தொலைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நஞ்சை விழுங்கியவருக்கு உப்புக் கரைத்த நீர், பால், முட்டை என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாம்பு கடித்தால் மோதிரம், காப்பு, கொலுசு ஆகியவற்றை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவரும் கடிவாங்க வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த நஞ்சுக்கு என்ன செய்வது என்று ஆலோசனை சொல்லக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையமும் இயங்குகிறது.

வருமுன் காப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. மண்ணெண்ணெயையும் அமிலத்தையும் குடிபானப் போத்தலில் ஊற்றாமல் இருப்பது, உம்மும்மாவின் பிரஷர் குளிசைகளைத் தலையணைக்கடியில் வைக்காமல் அலுமாரியில் பூட்டி வைப்பது, இரவில் வெளியே போகும்போது ரோர்ச் எடுத்துச் செல்வது, தரையில் உறங்க நேர்ந்தால் நுளம்பு வலையை நன்றாகச் செருகிவிடுவது ஆகிய இவற்றை இன்றிரவே செய்யலாம்.

குதிரையின் குருதியிலிருந்தும் மண்ணிலுள்ள பற்றீரியாவிலிருந்தும் ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளிலிருந்தும் இறைவன் மனிதனுக்கு மருந்துகளைக் கிடைக்கச் செய்திருக்கிறான். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலன் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், பல வேளைகளில், வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் புறப்பட நாம் எடுக்கும் அந்த முதல் அரை மணித்தியாலத்தில்தான் தங்கியிருக்கிறது.